விஷத்தை விற்றார்கள், பாம்பை விட்டார்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலி வந்ததும் முதலைப் பண்ணைக்காக வண்டிகள் ஓரங்கட்டும். முதலைகள் அசையாமல் கிடப்பதைப் பார்த்துச் சலித்த பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிக்கும் நேரத்தில், பெரும்பாலான குடும்பங்கள் வாசலை நோக்கித் திரும்பிவிடுகின்றன. அதே வளாகத்துக்குள் தனி டிக்கெட் வாங்கிப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பெயர், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கம். நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு ஊசிக்கு மூலப்பொருளான விஷத்தில் மிகப் பெரும் பங்கு நெடுங்காலமாக இங்கிருந்துதான் போகிறது.

உள்ளே பள்ளமான மணல்தரை. சுற்றிலும் சுவர். வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பாதிக்கு மணல், மணல்மேல் பாம்பு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு வகை. இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமாகச் சொல்லப்படும் நால்வர் இவர்கள்தான். துணியை அவிழ்த்து, கொக்கிக் கம்பியால் கண்ணாடி விரியனை வெளியே எடுக்கிறார் ஊழியர். தலையைக் கம்பியால் லேசாக அழுத்தி, தாடைக்குப் பின்னால் விரல்களால் பிடிக்கிறார். மெல்லிய ரப்பர் சவ்வு கட்டிய கண்ணாடிக் குப்பியின் விளிம்பில் வாயை வைத்ததும் பாம்பு கடிக்கிறது. சவ்வைத் துளைத்துக்கொண்டு மஞ்சள் நிறத்தில் ஓரிரு சொட்டு அடியில் வழிகிறது. அவ்வளவுதான், வேலை முடிந்தது. பாம்பு பானைக்குத் திரும்புகிறது.

ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் ஒரு பாம்பிடம் நான்கு முறை இப்படி விஷம் எடுப்பார்கள். வயிற்றுச் செதிலில் சின்னதாக ஓர் அடையாள வெட்டு இருக்கும். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி சிக்கினால் தெரிந்துவிடும். பிறகு அதைக் காட்டில் விட்டுவிடுவார்கள். எடுத்த விஷத்தை உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்பார்கள். அங்கே அதை மிகச் சிறிய அளவுகளில் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். தாலுகா ஆஸ்பத்திரியின் ஃபிரிட்ஜில் இருக்கும் அந்தச் சின்ன மருந்துக் குப்பியின் கதை இந்தப் பானையில் தொடங்குகிறது.

‘மாத்தி யோசி’ என்று எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும் காலம் இது. மகேந்திரா சிட்டியிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் புதுமைக்கென்றே தனி அறை வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. சுவரில் கலர் கலராய்த் துண்டுச் சீட்டு ஒட்டுவார்கள், பீன்பேக்கில் சாய்ந்து யோசிப்பார்கள். தவறில்லை. ஆனால் இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் மாற்றி யோசித்ததற்கு அசல் உதாரணம் கேட்டால் நான் வடநெம்மேலிப் பானைகளைத்தான் காட்டுவேன். அது எப்படி நடந்தது என்று பார்த்தால், புதுமையைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசும் பேச்சில் பாதி அடிபட்டுப் போகும்.

தோல் காலம்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்து இருளர் பழங்குடியினருக்குப் பாம்பு பிடிப்பது தலைமுறைத் தொழில். கையில் கடப்பாரை, தோளில் துணிப்பை. வரப்போரம் நடந்துகொண்டே வளையின் வாயைப் பார்ப்பார்கள். சிலந்திவலை கட்டியிருந்தால் உள்ளே போக்குவரத்து இல்லை. மண் வழவழவென்று இருந்தால் யாரோ போய்வருகிறார்கள். உரித்துப்போட்ட சட்டையில் ஒரு துண்டு, காய்ந்த எச்சம், மணலில் ஒரு கோடு, இவற்றிலிருந்து இன்ன பாம்பு, இத்தனை நாளைக்கு முன் போனது என்பதுவரை சொல்லும் வித்தை அது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடமாக இல்லை. அப்பாவும் தாத்தாவும் நடந்தபோது கூட நடந்து கற்றது.

அந்த வித்தையைச் சந்தை அன்று ஒரே விதமாகத்தான் பயன்படுத்தியது. பாம்பைக் கொன்று தோலை உரித்துக் கொடு. தோல், வியாபாரி கைமாறி, தோல் பதனிடும் ஆலைக்குப் போய், கைப்பையாகவும் இடுப்பு வாராகவும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. உரித்துக் கொடுத்தவருக்குக் கிடைத்தது சொற்பக் காசு. வயலில் பாம்பு குறைய எலி கூடியது தனிக் கணக்கு.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. சட்டம் சரியான சட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வேகத்தில் தோலுரிப்பு போயிருந்தால் இன்று விடுவதற்குப் பாம்பே மிஞ்சியிருக்காது. ஆனால் தடை போட்டவர்கள், நேற்றுவரை அதில் பிழைத்தவர் நாளைக்கு என்ன செய்வார் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. காடும் அவர்களுடையது இல்லை, நிலமும் இல்லை. சவுக்குத் தோப்பில் மரம் வெட்டவும், அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு கொத்தடிமையாகக் கிடக்கவும் போனவர்கள் ஏராளம். ஒரு சமூகம் நூற்றாண்டுகளாகச் சேர்த்த அறிவு, ஒரே அரசாணையில் குற்றமாக மாறியது.

இங்கேதான் ராமுலஸ் விட்டேக்கர் வருகிறார். 1943-இல் நியூயார்க்கில் பிறந்தவர், சிறுவனாகவே இந்தியாவுக்கு வந்து கொடைக்கானலில் படித்தவர். 1960-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மயாமி பாம்புப் பண்ணையில் பில் ஹாஸ்ட் என்பவரிடம் வேலை பார்த்தார். பாம்பிடமிருந்து விஷம் எடுப்பதில் உலகப் பெயர் பெற்றவர் ஹாஸ்ட். இந்தியா திரும்பிய விட்டேக்கர் சென்னையில் பாம்புப் பண்ணை தொடங்கியபோது, பாம்பு பிடித்துத் தர இருளர்கள் வந்தார்கள். அவர்கள் பாம்பு தேடுவதைக் கூடவே நடந்து பார்த்தவருக்கு ஒன்று விளங்கியது. மயாமியில் கற்றது பாம்பு கைக்கு வந்தபின் செய்யவேண்டிய வேலை. பாம்பைக் கைக்குக் கொண்டுவரும் வேலையில் இவர்களுக்கு ஈடு யாருமில்லை.

இரண்டையும் சேர்த்தபோது கிடைத்த கணக்கு சின்னப் பிள்ளைக்கும் புரியும். தோலை ஒரு முறைதான் உரிக்க முடியும். விஷம் சுரந்துகொண்டே இருக்கும். செத்த பாம்பைவிட உயிருள்ள பாம்புக்கு விலை அதிகம் என்று ஆகிவிட்டால், அதைக் காப்பாற்ற வனக்காவலர் தேவையில்லை. 1978-இல் சங்கம் பதிவானது. முதலைப் பண்ணை அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1976-இல் வந்திருந்தது.

கவனித்துப் பாருங்கள், இருளர்கள் புதிதாகக் கற்றுக்கொண்டது மிகக் கொஞ்சம். வளை பார்ப்பது, தோண்டுவது, காயப்படாமல் எடுப்பது எல்லாம் பழைய வித்தை. தோல் கிழிந்தால் விலை போகாது என்பதால், பாம்பைச் சேதமில்லாமல் பிடிக்கும் பக்குவம் ஏற்கெனவே கையில் இருந்தது. உயிரோடு விடவேண்டும் என்று வந்தபோது அதே பக்குவம் கைகொடுத்தது. பாம்பு மாறவில்லை, கடப்பாரை மாறவில்லை. பாம்பிடமிருந்து எதை எடுப்பது என்ற ஒன்றுதான் மாறியது.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அந்தக் கூட்டுறவுச் சங்கம் என்ற ஏற்பாடு. விட்டேக்கர் நினைத்திருந்தால் ஒரு கம்பெனி தொடங்கி இருளர்களைக் கூலிக்கு வைத்திருக்கலாம். யோசனை ஒன்றுதான், லாபம் வேறு பையில் விழுந்திருக்கும். சங்கமாக்கியதால் பிடிப்பவரே உறுப்பினர். அரசின் தொழில்துறை மேற்பார்வை, வனத்துறையின் உரிமம், எந்த வகையில் எத்தனை பிடிக்கலாம் என்ற உச்சவரம்பு, எல்லாம் எழுத்தில் வந்தன. ஐடியாவுக்குக் கைதட்டும் நாம், அதைத் தாங்கிப் பிடிக்கும் ரிஜிஸ்டர், ரசீது, லைசென்ஸ் புதுப்பிப்பு இதையெல்லாம் சலிப்பான வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். அவை இல்லாமல் வடநெம்மேலி நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்காது.

இருளர் பெண்களுக்கு வேறொரு அறிவு இருந்தது. எந்தச் செடி எதற்கு ஆகும் என்பது. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986-இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகை நாற்றங்கால், மருந்து தயாரிப்பு என்று அதைத் தொழிலாக்கியது. அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம்.

ஃபுளோரிடாவுக்குத் திரும்பிய கடன்

ஹாஸ்டிடம் விட்டேக்கர் கற்ற அதே ஃபுளோரிடாவுக்கு 2017 ஜனவரியில் செங்கல்பட்டிலிருந்து இருளர் இருவர் போனார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். வளர்ப்புக்காக வாங்கி வெளியே விடப்பட்ட பர்மா மலைப்பாம்புகள் அங்குள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, முயல், ரக்கூன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. முந்தைய வருஷம் அரசு ஒரு போட்டியே வைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் தேடிப் பிடித்தது 106.

இவர்கள் இருவரும், கூட வந்த மொழிபெயர்ப்பாளர்களும், அங்குள்ள பல்கலைக்கழக ஆட்களுமாகப் புறப்பட்ட குழு, முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 மலைப்பாம்பைப் பிடித்துவிட்டது. அதில் ஒன்று பதினாறு அடிப் பெண் பாம்பு. கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளம் ஒன்றில் ஒளிந்திருந்தது. அந்த ஊர் வேட்டைக்காரர்கள் பெரும்பாலும் வண்டியில் மெதுவாகப் போய், சாலையோரம் வெயில் காய வரும் பாம்பைத் தேடுவார்கள். நம்மவர்கள் வண்டியை விட்டு இறங்கிப் புதருக்குள் நடந்தார்கள். புல் மடிந்த விதம், எச்சம், மண்ணில் தடம். வாழ்நாளில் பார்த்திராத நிலம், பார்த்திராத பாம்பு. கேட்கும் கேள்வி மட்டும் வேடந்தாங்கல் வரப்பில் கேட்ட அதே கேள்வி.

2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விட்டேக்கருக்கு 2018-இலேயே கிடைத்திருந்தது. ஐந்து வருஷ இடைவெளியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

வருஷா வருஷம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் பல மாவட்ட இருளர் குடும்பங்கள் கூடும். கன்னியம்மனுக்குப் பூஜை, விடியலில் கல்யாணங்கள், மணலில் சின்னச் சின்னக் கூடாரம். அன்றைக்குக் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் அவர்களைச் சுற்றி நடந்து போய் கோயிலைப் படம் எடுக்கிறார்கள்.

அந்தக் கோயில் இருக்கும் ஊருக்கும் மாற்றி யோசித்த விஷயத்தில் ஒரு பங்கு உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இதை அமைத்தேன் என்று கல்வெட்டில் பொறித்தான். விசித்திரசித்தன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டதும் அதே கல்வெட்டில்தான். அவனுக்குப் பின்வந்தவர்கள் மாமல்லபுரத்தில் முழுப் பாறையையே கோயிலாகச் செதுக்கினார்கள். அதையும் விட்டு, ராஜசிம்மன் காலத்தில் கல்லை அறுத்து அடுக்கிக் கடற்கரைக் கோயில் எழும்பியது. குடைவரை, ஒற்றைக்கல், கட்டுமானம் என மூன்று விதமும் ஏறக்குறைய நூறு வருஷத்துக்குள்.

ஊருக்குள் பிடாரி ரதம், வலையன்குட்டை ரதம் பக்கம் போனால் ஓர் அதிசயம் பார்க்கலாம். மேல்பாதி முடிந்த கோயில், கீழ்ப்பாதி இன்னும் வெறும் பாறை. சிற்பிகள் உச்சியில் ஏறி மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்திருக்கிறார்கள். நிற்பதற்குப் பாறையே மேடை, சாரம் கட்டவேண்டிய வேலை மிச்சம். முடிந்த பஞ்ச ரதத்தில் தெரியாத சூட்சுமம் முடியாத ரதத்தில் தெரிகிறது. நம் அலுவலகங்களில் முடியாமல் நின்றுபோன வேலைகளை அப்படியே வைத்துப் படிப்பவர் யார்? அவசரமாக ஃபைலை மூடிவிடுகிறோம்.

கையை வைத்திருப்பவரைக் கேளுங்கள்

பாம்புக்குச் சொன்னது எலிக்கும் பொருந்தும். வயலில் எலி பிடிக்கும் இருளர்கள் அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதி வளைக்குள் புகை ஏற்றுவார்கள். உதடு சுடும், கை வேகும், நுரையீரல் கெடும். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு தொண்டு அமைப்பு, அவர்களோடு உட்கார்ந்து அந்தப் பானையை இரும்பில் செய்து, கையால் சுற்றும் விசிறி ஒன்றைப் பொருத்தியது. வாய்க்குப் பதில் விசிறி. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. 2003-இல் அதற்கு உலக வங்கியின் போட்டியில் பரிசு கிடைத்தது. பரிசைவிடப் பெரிய விஷயம், எங்கே சுடுகிறது என்று எலி பிடிப்பவரைக் கேட்டிருக்கிறார்கள்.

தொழிற்சாலையில் இதையே முறையாக்கியவர்கள் ஜப்பானியர்கள். அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்த டொயோட்டா, 1951-இல் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டம் தொடங்கியது. நம் பக்கம், பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்ற முதல் இந்திய நிறுவனமானது. மெஷினில் நிற்பவர் சொல்வதைக் கேட்டுத் தரத்தை உயர்த்தும் பாரம்பரியம் அது. யோசனைப் பெட்டி இன்று எந்த ஆபீசிலும் இருக்கிறது. பூட்டுப் போட்டு, தூசி படிந்து. எழுதிப் போட்டவருக்கு ஒரு வாரத்தில் ‘செய்கிறோம்’ என்றோ, ‘இன்ன காரணத்தால் முடியாது’ என்றோ பதில் வந்தால் அடுத்த சீட்டு விழும். பதில் வராவிட்டால், பெட்டிக்குள் சாக்லேட் பேப்பர்தான் விழும்.

வீட்டிலும் இதேதான். மிக்ஸியைக் கழற்றிப் போட்ட பையனுக்கு முதுகில் ஒன்று வைத்துவிட்டு, ரோபோட்டிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டும் பெற்றோரை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கோவளம் மீனவர் குப்பத்தில் நடந்தது இன்னொரு வகை. அலையைப் பார்த்து, எந்த இடுக்கில் படகை இறக்கலாம் என்று கணிப்பது மீனவப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வருவது. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்குப் பலகையைப் பார்த்ததும் அதைத் தொற்றிக்கொண்டார், பிறகு குப்பத்துப் பையன்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2012-இல் அது அருண் வாசுவின் துணையோடு முறையான பள்ளியானது. சிகரெட் கூடாது, மது கூடாது என்பது அங்கே சட்டம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே பக்கத்து மாமல்லபுரத்தில் நடந்தது. அலை பழைய அலைதான்.

புதுமைக்கும் வயதாகும்

இனி வடநெம்மேலியின் மறுபக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் இது பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், அதாவது வருஷத்துக்குச் சராசரியாக 58,000 என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஊசி மருந்து இருந்தும் இத்தனை சாவு. ஆஸ்பத்திரிக்கு வரத் தாமதமாவது, மந்திரிப்பவரிடம் போவது, மருந்து இல்லாதது எல்லாம் காரணம். கூடவே ஒரு காரணம் பானைக்குள்ளேயே இருக்கிறது.

ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறும். அது தின்னும் இரை, வாழும் நிலம் எல்லாம் விஷத்தின் சேர்மானத்தை மாற்றிவிடும். செங்கல்பட்டு வரப்பில் பிடித்த பாம்பின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து, பஞ்சாபிலோ வங்காளத்திலோ கடித்த பாம்புக்கு அதே வேகத்தில் வேலை செய்வதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகர் குழு 2019 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த நால்வருக்கு வெளியே, ராஜஸ்தானின் சிந்து கட்டு விரியன் போன்றவற்றின் கடிக்கு இந்த மருந்து போதவில்லை என்றும் சொல்கின்றன.

இதற்கு வடநெம்மேலியைக் குறை சொல்வது அநியாயம். 1978-இல் தோலுரிக்கும் கைகளுக்கு வேலை தேடிய ஏற்பாடு, காலப்போக்கில் ஒரு துணைக்கண்டத்துக்கே விஷம் கொடுக்கும் ஊற்றாகிவிட்டது. அதன்மேல் இவ்வளவு பாரம் ஏற்றியது மற்றவர்களின் சோம்பல். காட்டுப் பாம்பைப் பிடித்து விடுவதைக் காட்டிலும், பண்ணையில் வளர்த்து நோய்நொடி பார்த்து விஷம் எடுப்பதே சரி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்குச் சங்கம் மாறவேண்டியிருக்கும். உரிமம் கிடைக்கத் தாமதமாகும் வருஷங்களில் பிடிப்பவர்கள் சும்மா இருக்கவேண்டியிருக்கிறது. படித்த பிள்ளைகள் கடப்பாரை தூக்கத் தயாரில்லை, அவர்களை யார் தப்புச் சொல்ல முடியும்?

2024 மார்ச்சில் மத்திய அரசு, 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாக்கும் தேசியத் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோயாக்கியது. இனி எந்த ஊரில் எத்தனை கடி என்ற கணக்கு எழுத்தில் வரும். மருந்தை அந்தந்த வட்டாரத்துக்கு ஏற்பச் செய்வதென்றால், வடக்கிலும் மேற்கிலும் கிழக்கிலும் வடநெம்மேலிகள் வேண்டும். இத்தனை வருஷத்தில் இந்த அளவுக்கு இன்னொரு சங்கம் எங்கும் எழவில்லை.

ஆள் இல்லாமல் இல்லை. ராஜஸ்தானில் கால்பேலியா என்றொரு சமூகம், பரம்பரையாகப் பாம்பு பிடித்தவர்கள். 1972 சட்டம் அவர்கள் கையிலிருந்தும் பாம்பைப் பிடுங்கியது. பாம்பைப் போல வளைந்து ஆடும் அவர்கள் நடனத்தை 2010-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாலைவன விடுதிகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு முன் அந்த ஆட்டம் தினமும் நடக்கிறது. தெற்கத்திச் சுருட்டை விரியனைவிடப் பெரியது அந்தப் பக்கத்துச் சுருட்டை விரியன். அதன் விஷத்தை எடுத்துக் கொடுக்க, அவர்களில் வயதானவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்கவேண்டும்.